சேணத்துக்கு அடியில்

ஐம்பது கிலோவுக்குள் வந்தால்
டெர்பியில் மான்சூன் மெயில் உனக்கு என்றார் டிரெய்னர்.
அப்போது நான் அறுபத்திரண்டு.
கால் முறிந்து ஐந்து மாதம் படுத்ததில் ஏறியது.

ஏழு வாரம்.
காலையில் அரை இட்லி.
உடம்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள், மேலே ஸ்வெட்டர்,
அதற்கும் மேலே மழைக்கோட்டு.
ரேஸ் கோர்ஸ் சாலையில் ஆட்டோக்காரர்கள் பார்த்துச் சிரிக்க
மூன்று சுற்று ஓட்டம்.
பிறகு நீராவி அறை.
எச்சிலைக்கூடத் துப்பியிருக்கிறேன்,
அதற்கும் எடை உண்டே என்று.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்கள்.
அமலோற்பவம் அப்படித்தான் சீட்டுப் பணம் சேர்த்தாள்.
நான் அப்படித்தான் செலவழித்தேன்,
என்னை.

டெர்பிக்கு ஒன்பது நாள் முன்பு
நாலு வாய் சோறு மேல்வயிற்றில் கல்லாய் நின்றது.
இரவில் பச்சைப் பச்சையாய் வாந்தி.
மறுநாளும்.
லாயத்தில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம்
‘ஊட்டா ஆய்த்தா?’ என்றார்கள்.
ஆய்த்து, ஆய்த்து.

குதிரைக்கு வாந்தி வராது.
குடல் முறுக்கினால் நின்ற இடத்தில் வியர்க்கும்,
கழுத்தைத் திருப்பித் திருப்பித்
தன் விலாவையே பார்க்கும்.
நூருல்லாதான் சொன்னான்,
கையில் வைக்கோலோடு:
அண்ணா, நீங்க விலாவப் பாக்குறீங்க.

பவுரிங் ஆஸ்பத்திரியில்
அல்சர் என்றார் ஒருவர்.
பந்தய பயம் என்றார் இன்னொருவர், ரோஸ் நிற மருந்து எழுதி.
டாக்டர் ஷைலஜா ஹெக்டேதான்
ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
எத்தனை நாளில் எத்தனை கிலோ?

ஸ்கேனில் பேனாவால் காட்டினார்.
முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய ரத்தக்குழாய்.
அதிலிருந்து கிளைத்துச் சாய்ந்து தொங்கும் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே குறுக்காகப் போகிறது சிறுகுடல்.
அங்கே ஒரு துண்டுக் கொழுப்பு
மெத்தைபோல இருக்கவேண்டும்.
உங்களுக்கு இல்லை.
வழி ஐந்து மில்லிமீட்டர்தான் மிச்சம்.
அபூர்வமாகத்தான் பார்க்கிறோம் என்றார்,
அதிலொரு சின்ன சந்தோஷத்தோடு.

எனக்குச் சட்டென்று புரிந்தது.
சேணத்துக்கு அடியில் துணி போடுவோம்.
எடை குறைக்க அதையும் மெலிதாக்கி மெலிதாக்கி
முதுகுத்தோல் உரிந்த குதிரைகளைக் கழுவியிருக்கிறேன்.
இப்போது என் துணியை நானே உருவிவிட்டேன்.

குனிந்து படுங்கள் என்றார்கள்.
முழங்கால் நெஞ்சோடு சேரட்டும்,
குழாய்கள் கொஞ்சம் விலகும், வழி திறக்கும்.
யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
பதினாறு வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறேன்,
கைகள் முன்னால், இடுப்பு மேலே,
காதருகே காற்று.
பதினாலாம் கட்டிலில் காற்று இல்லை.
ஆனால் மூன்று கரண்டி கஞ்சி
தடங்கலில்லாமல் இறங்கியது.
பக்கத்துக் கட்டில் பையன் ‘ஹேய், ஹேய்’ என்று விரட்டினான்.
சிரித்தால் வலித்தது.

அதுவும் போதவில்லை.
மூக்கு வழியாகக் குழாய் இறக்கினார்கள்,
அடைப்பைத் தாண்டி.
மணிக்கு நாற்பது மில்லி, பால் நிறத்தில்.
டெர்பி ஞாயிறு அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
மான்சூன் மெயில் நாலாவது என்று
யாரோ வந்து சொன்னார்கள்.
மேலே யார் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எடை.
தட்டில் ஏறுமுன் வாட்சைக் கழற்றினேன்.
மோதிரத்தை, கழுத்து உத்தரியத்தை.
மூச்சை முழுக்க வெளியே விட்டேன்.
யாக்கப்பா, எல்லாம் போட்டுக்கிட்டே ஏறு என்றாள்
நர்ஸ் சாந்தம்மா.
நாற்பத்தாறு புள்ளி நாலு.
போன வாரத்தைவிட முந்நூறு கிராம் கூட.

அமலோற்பவம் கைதட்டினாள்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது,
இதற்கு எத்தனை சுற்று ஓடவேண்டும் என்று
கால் தானாகக் கணக்குப் போட்டது.

முந்நூறு கிராம்.
ஏறக்குறைய ஒரு சேணத்துணி.